வெள்ளை மாடிக்காரி

என் ஓரகத்திக்கு வியர்க்கவே வியர்க்காது. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் நாங்களெல்லாம் முந்தானையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துத் தோல் சிவந்து கிடப்போம். அவள் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். மேலுதட்டில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. ஒரே குடும்பத்தில் வாக்கப்பட்டு, அடுத்தடுத்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும், அவளுக்கு வியர்த்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இதற்கெல்லாமா ஒருத்தி மேல் பொறாமைப்படுவார்கள் என்று கேட்கலாம். நான் பட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு அவள் அண்ணன் மனைவி. அவர் நங்கையா என்பார். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் சொல்வது. நான் அக்கா என்பேன். என்னை அவள் அம்மணி என்பாள். குரலை உயர்த்திப் பேசவே மாட்டாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். சண்டைக்கு வாகாக ஒரு வார்த்தையாவது அவள் விட்டால்தானே நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேச முடியும்.

எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். பிள்ளைகளின் நெற்றி, பால் டம்ளர், பஸ் இருக்கை, மத்தியான நேரத்துச் சுவர், எல்லாவற்றுக்கும் அதே புறங்கைதான். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது என்பாள். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் சுவரை ஒருமுறை தொட்டுப் பார்த்து, "இப்படி உக்காந்துக்கறனுங்க" என்று நகர்ந்துகொள்வாள். அவள் நகர்ந்த இடம்தான் அந்த வீட்டிலேயே குளுமையான இடமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர்களும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வெயில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகுதான் திறப்பாள். பகலில் எதற்கு வீட்டை இருட்டடித்து வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"வெயிலும் ஒறம்பரையாட்டத்தான் அம்மணி. உள்ள உட்டம்னா ராத்திரி தங்கிட்டுத்தான் போகும்."

ஒறம்பரை என்றால் விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள். அந்தச் சமயம் என் அண்ணன் குடும்பம் என் வீட்டில் டேரா போட்டிருந்தது. எங்களைத்தான் குத்திக் காட்டுகிறாளோ என்று எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கள் இரண்டு வீடும் ஒரே அச்சு. பீளமேட்டில் மாமனார் விட்டுப்போன இடத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை இடித்துவிட்டு அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தார்சு வீடு கட்டினார்கள். ஒரே கொத்தனார், ஒரே அளவு, ஒரே பக்கம் பார்த்த வாசல். கான்கிரீட் போட்ட வீட்டைத்தான் தார்சு வீடு என்போம். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அன்றைக்கு வாய் இனிக்கும். ஓட்டு வீட்டில் பல்லி விழும், தேள் விழும் என்று முதலில் இடிக்கச் சொன்னவள் நான்தான். ஓட்டின் இடுக்கு வழியாகச் சூடும் வெளியே போய்க்கொண்டிருந்தது என்பது யாருக்குத் தெரிந்தது? கோயமுத்தூரில் ஃபேனே வேண்டாம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த காலம் அது.

குடிபோன கொஞ்ச காலத்திலேயே மூத்தவர் போய்விட்டார். ஃபவுண்டரியில் வேலைக்கு நின்றவருக்கு நெஞ்சுவலி வந்து, அங்கேயே முடிந்துவிட்டது. அவருடைய ஒரே மகன் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அக்கா வெள்ளைச் சீலைக்கு மாறினாள். எங்கள் வழக்கம் அப்படி. அத்தை, அதாவது எங்கள் இருவருக்கும் மாமியார், உயிரோடு இருக்கிற மகன் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று எல்லாரும் பேசியதால் எங்களோடு வந்துவிட்டார்.

அடுத்த பங்குனியில் ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், அக்கா வீட்டு மொட்டைமாடியில் ஒரு ட்ரம்மில் சுண்ணாம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. பொங்கலுக்குச் சுவர்களுக்கு அடித்தது போக மிச்சமிருந்த கல்சுண்ணாம்பு. அது ஆறியதும் வடிகட்டி, சோற்றுக் கஞ்சியைக் கலந்தாள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெள்ளையடிக்கிற மட்டையை முக்கி முக்கி மாடித் தரை முழுக்க அவளே பூசினாள். சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்திருக்கிறோம், மாடித் தரைக்கு யார் அடிப்பார்கள்? மறுநாள் வெயிலில் அந்தப் பக்கம் பார்க்கவே கண் கூசியது.

அத்தை எங்கள் மாடிப்படியில் நின்று அதைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுனவன் போயிட்டான்னு அவ உடுத்தியிருக்கற வெள்ளை பத்தலியா கண்ணு? ஊட்டுக்கும் வெள்ளைச் சீலை கட்டிப்போட்டாளே."

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. எல்லாரும் தலையில் வைத்துக் கொண்டாடும் மூத்த மருமகள் ஒரு தப்பு செய்துவிட்டாள் அல்லவா. அந்தத் திருப்தி சித்திரை வரைக்கும்கூட நிற்கவில்லை.

கத்திரி தொடங்குவதற்கு முன்பே எங்கள் வீடு வெந்தது. ஃபேனைப் போட்டால் மேல் கூரையிலிருந்து அனலை இறக்கித் தலையில் கொட்டியது. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய அத்தை, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"இங்க நெம்ப வேக்காடா இருக்குது கண்ணு. சித்தெ நேரம் அங்க போய்த் தலையச் சாச்சுட்டு வாரேன்."

அந்த வெள்ளை மாடியைப் பார்த்துப் புலம்பியவர், அதன் கீழே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று மட்டுமல்ல, தினமும். சாப்பாடு என் வீட்டில், தூக்கம் அவள் வீட்டில். எதிர்வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங், பெரியம்மாவுக்கு உங்க ஊட்ல எடம் பத்தறதில்லீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இருக்கிற மகன் வீட்டில் மாமியாருக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அந்த வீட்டு மருமகள் சரியில்லை என்றுதானே அர்த்தம்? மூன்று வேளையும் பார்த்துப் பார்த்துச் செய்வது நான். வெற்றிலை இடித்துக் கொடுப்பதும், கால் அமுக்கி விடுவதும் நான். நல்ல பேர் மட்டும் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அத்தை ஒரு மத்தியானமாவது என் வீட்டில் தூங்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஆனால் எல்லாம் எதிராகவே நடந்தது. அந்த ஐப்பசி மழையில் எங்கள் மாடி ஒழுகியது. யாரோ சொன்னார்கள் என்று என் வீட்டுக்காரர் மாடி முழுக்கத் தார் காய்ச்சி ஊற்றி, மேலே மணலைத் தூவிவிட்டார். புதுத் தார் கருகருவென்று மின்னியது. ஒழுகல் நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்க்கட்டும் என்று அக்காவைக் கூப்பிட்டு மாடியில் ஏற்றினேன். அவள் குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"மழைக்குச் சரிதான் அம்மணி. கோடைக்கு இது சூடு புடிக்குமே" என்றாள்.

வயிற்றெரிச்சல், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன். அவளும் என் மேல் பொறாமைப்படுகிறாள் என்ற சந்தோஷத்தில் அன்றைக்குக் கேசரி கிளறினேன்.

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இருந்ததை எப்படிச் சொல்வது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை இராத்திரி முழுக்க எங்கள் மேல் கக்கியது அந்தக் கருப்பு மாடி. தரை சுட்டது, கட்டில் சட்டம் சுட்டது, குடத்துத் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. ஒரு ஏர்கூலர் வாங்கி வைத்தோம். அதற்கு ஊற்றத் தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் தண்ணீர் வருகிற நாள் பார்த்துப் பிடித்து ஊற்றினால், காற்றோடு சேர்ந்து ஈர நாற்றமும் வந்தது. அத்தை ஒரே ஒருநாள் அதன் முன்னால் படுத்தார். "நனைஞ்ச கோணிச்சாக்கப் போத்திப் படுத்தாப்பல இருக்குது கண்ணு" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர் வேறு என் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டார். அக்கா வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து எங்கள் மீட்டர் முன்னால் நின்றவர், அட்டையில் எழுதாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே ஊடாட்டந்தானுங் இருக்குது. அங்க சக்கரம் நகர்றதே பெருசு. இங்க பம்பரமாச் சுத்துதுங்களே. உள்ள மில்லு ஏதாச்சும் ஓட்டறீங்களா?"

"அவுங்க ஒத்தை ஆளுங்க. நாங்க நெறையப் பேரு" என்றேன்.

"ஆளு எண்ணிக்கைக்கு ஃபேனு வேணா சுத்துமுங்க. இது அதுக்கும் மேல இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதப் பில்லைப் பார்த்து என் வீட்டுக்காரர் கூலரை மூலையில் தள்ளி அதன்மேல் செய்தித்தாள்களை அடுக்கினார்.

வீட்டோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதற்கென்றே அரக்குப் பட்டு ஒன்று எடுத்திருந்தேன். முகூர்த்த நேரத்தில் அக்கா முன்னால் வந்து நிற்க மாட்டாள். பின்னால் பந்தி நடக்கும் கொட்டகைக்குப் போய்விட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதை மறைப்பானேன். தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போனால், அந்தக் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டது. உள்ளே கால் வைத்ததும் அனல் முகத்தில் அடிக்கும் என்று பயந்துகொண்டே போனேன். அடிக்கவில்லை. விஷயம் என்னவென்றால், நாங்கள் மேடையைச் சுற்றி நின்றிருந்த நேரத்தில் அக்கா ஆட்களைக் கூப்பிட்டு, பக்கத்துத் தோப்பில் கிடந்த தென்னை ஓலைகளைத் தூக்கி ஷீட்டின் மேல் பரப்பி, தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறாள்.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் இலையில் உட்கார்ந்துகொண்டே, "மகராசி, இத்தனை பேரு வவுத்தோட மேலுக்கும் குளுமை பண்ணிப்போட்டீங்க" என்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். வெள்ளைச் சீலை கட்டிய ஒருத்தியைக் கல்யாண வீட்டில் ஒருவர் மகராசி என்று கும்பிட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் அரக்குப் பட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. முதுகில் வேர்த்து அது ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஊருக்குத் திரும்பியதும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நாமும் மாடிக்கு வெள்ளையடித்துவிட வேண்டியதுதான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அம்மாவைக் கேட்டுக்கொள் என்றார். அத்தையிடம் கேட்டேன்.

"எம்பட பையன் தலைக்கு மேல வெள்ளைய விரிக்கோணுங்கறியா? நா உசுரோட இருக்கறப்ப அது நடக்காது" என்றார். "அவ அடிச்சா அவளுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்குது? நீ தாலியோட இருக்கறவ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாலியோடு இருப்பதால் நான் வேக வேண்டும். அது இல்லாதவள் குளுகுளுவென்று இருக்கிறாள். இப்படி நினைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நடுங்கினேன். நடுங்கிய பிறகும் அதையேதான் நினைத்தேன்.

விஷயம் அக்காவின் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. ஒருநாள் காலையில் வந்தாள். அத்தை சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை அள்ளி ஆயத் தொடங்கினாள். எதையோ விசாரிப்பது மாதிரித்தான் ஆரம்பித்தாள்.

"அத்தெ, எனக்குத் தாலி கட்டறப்ப உங்க பையன் என்ன வேட்டி கட்டியிருந்தாருங்க?"

மூத்தவர் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றிலேயே எழுந்து போய்விடுவார். அண்ணன் மேல் அவருக்கு அவ்வளவு பாசம், தாங்க மாட்டார். அதனால் அத்தையும் வாய் திறப்பதில்லை. நல்லவேளை, அவர் அப்போது வீட்டில் இல்லை.

அத்தையின் கை நின்றது. முகம் மட்டும் ஒருமாதிரி மலர்ந்தது.

"வெள்ளை வேட்டிதான் கண்ணு. வேறென்னத்தக் கட்டுவாங்க?"

"அது வெள்ளைதானுங்களே. அமங்கலம்னு யாரும் சொல்லலீங்களே?"

"அதெப்படிச் சொல்லுவாங்க? மூலைல மஞ்சத் தொட்டு வெச்சுத்தானே குடுத்தோம். நாந்தான் தொட்டு வெச்சேன்."

"அப்ப இந்த ஊட்டு மாடிக்கும் வெள்ளைய அடிச்சுப்போட்டு நாலு மூலைலயும் மஞ்சத் தொட்டு வெச்சுப்போடலாமுங்க. மாப்பிள்ளை வேட்டியாட்ட இருந்துட்டுப் போகுது."

அத்தை ஒரு அவரைக்காயின் நாரை உரித்துப் போட்டார். பிறகு, "செரி, வெள்ளிக்கெழமையாப் பாத்து அடிங்க" என்றார்.

முடிந்தது. நான் கெஞ்சி, அழுது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்காத காரியம், அவள் ஒரு கை அவரைக்காய் ஆய்வதற்குள் நடந்துவிட்டது. சந்தோஷப்படுவதா, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சுண்ணாம்பை அவளே கலந்து கொடுத்தாள். தாரின் மேல் மணல் இருந்ததால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும் என்றாள், பிடித்துக்கொண்டது. காய்ந்ததும் மஞ்சளைக் குழைத்து அவளிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அது நீ வெய்யி அம்மணி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நான் நான்கு மூலைக்கும் போய் மஞ்சள் வைத்தேன். ஒவ்வொரு மூலையிலும் எனக்கு ஒரு வேண்டுதல்தான். இனி அத்தை இங்கேயே தூங்க வேண்டும்.

அந்தக் கோடை முடிவதற்குள்ளேயே என் வீடு உண்மையாகவே குளிர்ந்தது. பில் இறங்கியது. ரீடிங் எடுப்பவர், "மில்ல மூடிட்டீங்களாட்ட இருக்குது" என்றார். இராத்திரி மாடியில் போய்ப் படுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளேயே தூங்கினார். ஒரு மத்தியானம் யாரும் பார்க்காதபோது நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் கூரையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. ஸ்டூலின் மேல் நின்றபடியே சிரித்தேன்.

அன்றைக்கு அத்தைக்குப் பிடித்த பச்சைப்பயிற்றுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டு எழுந்தவருக்கு ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்து, துவைத்த போர்வையைப் போட்டு வைத்தேன். அவர் கை கழுவினார். வெற்றிலை போட்டார். தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எங்கீங்க அத்தெ?"

"அங்கதான் கண்ணு. சித்தெ போயிட்டு வாரேன்."

"இப்ப இங்கயே நல்லாக் குளுகுளுன்னு இருக்குதுங்களே?"

"ஆமா கண்ணு, நல்லா இருக்குது" என்று சுவரைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று, ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன். அக்கா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னல்கள் சாத்தி உள்ளே மங்கலாக இருந்தது. அத்தை தூங்கவில்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, மூத்தவர் சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அழுதார். மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தார், மறுபடியும் வாய்விட்டு அழுதார். என் வீட்டில் ஒருநாளும் அவர் அழுது நான் கேட்டதில்லை. அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அந்தக் கதையை முதல்முறை கேட்பவள் மாதிரி, "அப்பறம் என்ன பண்ணுனாருங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழம்பைக் கொடுக்காமல் திரும்பி வந்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட வந்திருந்தார்.

"அம்மா எங்க? இன்னிக்கும் அங்கயா? நம்மூடுதான் இப்பக் குளுந்து போச்சே, அப்பறம் என்ன?"

"பழக்கமாயிடுச்சுங்க" என்று சொல்லிச் சோறு போட்டேன். அவர் தலை குனிந்து சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வீட்டில் அத்தைக்கு அழக் கிடைக்கிற இடம் என் வீட்டில் கிடைக்க வேண்டுமென்றால் நான் யாரை இழக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகும், அவளை நினைத்து என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.